காங்கோ டெட்ராவை நியானின் அண்ணனாக நினைக்காதீர்கள்

காங்கோ டெட்ரா என்ற தொட்டி மீனை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு அதன் பெயர்தான் காரணம். டெட்ரா என்றதும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத நியான் டெட்ரா நினைவுக்கு வந்துவிடுகிறது. அதற்கு வாங்கிய தொட்டி, அதற்குப் போட்ட விளக்கு எல்லாம் இதற்கும் போதும் என்று முடிவு செய்துவிடுகிறோம். நியான் அமேசான் படுகையின் மீன். காங்கோ டெட்ராவோ மத்திய ஆப்பிரிக்காவில், காங்கோ ஆற்றுப் படுகையில் வாழ்வது. 1899இல் விலங்கியலாளர் பூலெஞ்சர் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். குடும்பமும் வேறு: அலெஸ்டிடே. ஆளையே மிரள வைக்கும் பற்களோடு ஒரு மீட்டருக்கு மேல் வளரும் கோலியாத் புலிமீனும் இதே குடும்பம்தான். உறவுமுறை பார்த்தால் நம் சாதுவான மீன் அதற்குத்தான் நெருக்கம், நியானுக்கு அல்ல.

ஆண் மீன் எட்டு சென்டிமீட்டர் வரை வளரும், பெண் சற்றுச் சிறியது. கூட்டமாகத் திறந்த நீரில் நீந்திப் பழகிய உடம்பு. இரண்டடித் தொட்டியில் நான்கை விட்டால், நான்கும் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளும். நான் அப்படித்தான் தொடங்கினேன். எட்டுக்குக் குறையாமல், நான்கடித் தொட்டியில் விட்ட பிறகுதான் அவை மீன்களைப் போல நடந்துகொண்டன.

அடுத்த தவறு எனக்கு இன்னும் உறுத்துகிறது. சில மாதங்களில் ஒரு மீனின் வால் நடுவில் கிழிந்து, சாம்பல் நிற நூல்கள் தொங்குவது போலத் தெரிந்தது. கடையில் கேட்டேன். "துடுப்பு அழுகல்" என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். நானும் ஒரு வாரம் ஊற்றினேன். அது நோயே இல்லை. ஆண் மீன் பருவத்துக்கு வரும்போது வாலின் நடுக் கதிர்கள் நீண்டு குஞ்சம் போல வெளியே வரும். முதுகுத் துடுப்பும் நாடா போல நீளும். பெண்ணுக்கு இந்த அலங்காரம் இல்லை. உண்மையான அழுகலில் துடுப்பின் ஓரம் வெளுத்து, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். வளர்கிறதா, குறைகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு மருந்துப் புட்டியைத் தொடலாம்.

அந்தக் குஞ்சத்தைப் பார்த்தால் டைகர் பார்ப் என்ற மீன் சும்மா இருக்காது, கடித்துக் கடித்தே மொட்டையாக்கிவிடும். இரண்டையும் ஒரே தொட்டியில் விட வேண்டாம்.

வெளிச்சத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் வெளிறிய குட்டிகளைப் பார்த்து "நிறமே இல்லையே" என்று நகர்ந்துவிடுவார்கள். இளம் மீன் அப்படித்தான் இருக்கும். வளர்ந்த மீனிலும் நிறம் பெரிய செதில்களின் மினுமினுப்பில்தான் இருக்கிறது: மேலே நீலம், நடுவில் பொன்னும் செம்பும் கலந்த பட்டை, கீழே மறுபடி நீலம். மீன் லேசாகத் திரும்பினால் பட்டையின் சாயலே மாறும். தொட்டிக்கு மேல் பளீரென்று விளக்கு, கீழே வெள்ளை மணல் என்று வைத்தால் மீனும் மிரளும், நிறமும் போகும். மழைக்காட்டு இலைகள் ஊறித் தேநீர் நிறமான, மென்மையான தண்ணீர் அதன் ஊர்த் தண்ணீர். கருநிற மணல், மிதக்கும் செடிகள், நன்கு காய்ந்த நாட்டு வாதுமை இலை இரண்டு போதும். உப்புப் படியும் போர்வெல் தண்ணீரை அப்படியே ஊற்றுவதுதான் நம் ஊர்களில் நடக்கும் பெரிய தவறு. மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ கலந்து கடினத்தைக் குறையுங்கள்.

தீனியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றில் பூச்சி, புழு, சிறு ஓட்டுயிர்கள், பாசி எல்லாம் தின்னும் மீன். ஒரே உலர் தீனியைப் போட்டுக்கொண்டிருந்தால் செடிகளின் இளந்தளிரைக் கொறிக்கத் தொடங்கும்.

முட்டை விஷயத்தில் நியான் கணக்கு மறுபடி காலை வாருகிறது. நியான் முட்டை ஏறக்குறைய ஒரே நாளில் பொரியும். காங்கோ டெட்ராவின் முட்டைகள் செடிகளுக்கிடையே விழுந்து, பொரிய ஆறு நாள் வரை எடுத்துக்கொள்ளும். பெற்றோர் காவல் காப்பதில்லை, கிடைத்தால் தின்றுவிடும். அதனால் இட்டவுடன் பெரிய மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மூன்றாம் நாளே "எல்லாம் வீண்" என்று தண்ணீரைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். பூஞ்சை பிடித்து வெள்ளையானவற்றை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு, கண்ணாடி போலத் தெளிவாக இருப்பவற்றை ஆறாம் நாள்வரை அப்படியே விட்டுவையுங்கள்.