பெயரெழுத்துச் சோதனை: உள்மனச் சுயமதிப்பைத் தமிழில் அளக்கும் முறை

சுயமதிப்பை அளக்க உளவியல் மாணவர்கள் முதலில் எடுப்பது மாரிஸ் ரோசன்பர்க் 1965-இல் வெளியிட்ட பத்து வாக்கிய அளவுகோல். நல்ல கருவிதான். ஆனால் ஒருவர் தன்னைப் பற்றி என்ன சொல்ல விரும்புகிறாரோ அதைத்தான் அது பதிவு செய்யும். தன்னைத் தானே மெச்சிக்கொள்வது தப்பு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, ‘என்னிடம் பல நல்ல குணங்கள் உண்டு’ என்ற வரிக்கு எதிரே பேனாவை வைத்துத் தயங்கும். அந்தத் தயக்கம் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும்.

ஒருவர் வாயால் சொல்லாமல் உள்ளுக்குள் தன்மேல் வைத்திருக்கும் மதிப்புதான் உள்மனச் சுயமதிப்பு. அதை நேரடியாகக் கேட்காமல் அளக்கும் வழிகளில் மிக எளியது பெயரெழுத்துச் சோதனை. மனிதர்களுக்குத் தம் பெயரில் உள்ள எழுத்துகள் மற்ற எழுத்துகளைவிடப் பிடித்திருக்கின்றன என்று பெல்ஜிய உளவியலாளர் யோசெப் நட்டின் 1985-இல் காட்டினார். தன்மேல் உள்ள விருப்பம் தன் பெயரின் எழுத்துகள்மேலும் படிகிறது என்பதுதான் சோதனையின் அடிப்படை. 1997-இல் ஷினோபு கிடயாமாவும் மயூமி கரசாவாவும் ஜப்பானிய ஹிராகனா எழுத்துகளிலும் இதைக் கண்டார்கள். ஹிராகனாவில் பெரும்பாலானவை நம் உயிர்மெய் போல மெய்யும் உயிரும் சேர்ந்தவை என்பதால் இந்த ஆய்வு நமக்குப் பக்கத்தில் வருகிறது. தாளும் பேனாவும் போதும். கும்பகோணத்திலோ திருவாரூரிலோ ஒரு கல்லூரி வகுப்பறையில் 10 நிமிடத்தில் முடித்துவிடலாம்.

படி 1: எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தல்

வேலையில் பாதி இதுதான். ஆங்கிலத்தில் 26 எழுத்தையும் அப்படியே கொடுத்துவிடுவார்கள். தமிழில் 247 எழுத்தையும் கொடுத்தால் யாரும் முடிக்க மாட்டார்கள். 18 மெய்யை மட்டும் கொடுத்தால் செல்வி என்ற பெண் ‘ச்’ என்பதைத் தன் எழுத்தாக நினைக்கமாட்டாள். அவள் எழுத்து ‘செ’. ஆகவே பெயரின் முதல் உயிர்மெய்யையோ உயிரையோ அப்படியே எடுங்கள்.

வருகைப் பதிவேட்டைப் பார்த்து எல்லாருடைய பெயரின் முதல் எழுத்தையும், இனிஷியலின் எழுத்தையும் பட்டியலிடுங்கள். 60 பேர் வகுப்பில் ஒரே எழுத்து பலருக்கும் வருவதால், பட்டியல் ஏறக்குறைய 35, 40 எழுத்துக்குள் அடங்கும். ஜெ, ஸ்ரீ, ஹ போன்ற கிரந்த எழுத்தில் தொடங்கும் பெயர் இருந்தால் தயங்காமல் சேருங்கள். எண்ணிக்கை குறைந்தால் யாருடைய பெயரிலும் வராத எழுத்துகளை நிரப்பலாம், ‘ழ’ மட்டும் வேண்டாம். மொழிப்பற்றால் எல்லாரும் அதற்கு 7 போட வாய்ப்பு அதிகம்.

டெல்டாவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊர்ச்சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது இங்கே வழக்கம். சுவாமிமலைப் பக்கம் சுவாமிநாதன், திருவாரூரில் தியாகராஜன், திருவையாற்றில் ஐயாறப்பன், கும்பகோணத்தில் சாரங்கபாணி. அந்த எழுத்துகள் அந்தப் பெயர் இல்லாதவர்களுக்கும் பிடித்திருக்கலாம். ஆகவே ஒப்பிடும் சராசரியை உங்கள் குழுவிலிருந்தே எடுங்கள். சென்னை வகுப்பில் எடுத்த சராசரியை வைத்துத் திருவாரூர் தியாகராஜனுக்கு மதிப்பெண் போட்டால், ஊர்ப்பற்று சுயமதிப்பாகக் கணக்கில் ஏறிவிடும்.

படி 2: தாள்

எழுத்துகளைக் குலுக்கி வரிசை மாற்றி மூன்று வகைத் தாள் அச்சிடுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் எதிரே 1 முதல் 7 வரை எண்கள் (1 – கொஞ்சமும் பிடிக்கவில்லை, 7 – மிகவும் பிடிக்கும்). மேலே ஒரே குறிப்பு: ‘யோசிக்க வேண்டாம். பார்த்தவுடன் தோன்றியதை வட்டமிடுங்கள்.’

தாளின் தலைப்பில் பெயர் கேட்கக் கூடாது. புதிதாகச் செய்பவர்கள் அதிகம் செய்யும் பிழை இதுதான். பெயரை எழுதிய கையோடு எழுத்தை மதிப்பிட்டால் பலருக்கும் விஷயம் புரிந்துவிடும். குறியீட்டு எண் மட்டும் போடுங்கள். பெயரின் முதல் எழுத்து, இனிஷியல், அந்த இனிஷியல் யாருடையது என்பதைக் கடைசிப் பக்கத்தில் கேளுங்கள்.

படி 3: நடத்துதல்

முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். எழுத்துகளின் மேல் உள்ள விருப்பத்தைப் பற்றிய ஆய்வு என்று சொன்னால் போதும், அது பொய்யல்ல. எழுத்துத் தாள் முதலில், ரோசன்பர்க் அளவுகோல் பிறகு. மாற்றிக் கொடுத்தால் தன்னைப் பற்றி யோசித்த மனநிலையோடு எழுத்துக்கு வருவார்கள். முடிவில் ‘இது எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்?’ என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் என்று ஊகித்தவர்களின் தாளைத் தனியே வையுங்கள். பிறகு நோக்கத்தை எல்லாருக்கும் முழுதாக விளக்கிவிடுங்கள்.

படி 4: மதிப்பெண்

சிலர் எல்லாவற்றுக்கும் தாராளமாக 6, 7 போடுவார்கள். சில எழுத்து எல்லாருக்கும் பிடிக்கும். இரண்டையும் கழிக்கும் கணக்கை லெபெல், கவ்ரோன்ஸ்கி ஆகியோர் 2009-இல் பல முறைகளை ஒப்பிட்டுப் பரிந்துரைத்தார்கள்.

கா. செல்வியை எடுத்துக்கொள்வோம். செ, கா இரண்டையும் விட்டு மற்ற எழுத்துகளுக்கு அவள் கொடுத்த சராசரி 4.2. ‘செ’வுக்கு 7 கொடுத்தாள், மிச்சம் 2.8. ‘கா’வுக்கு 5, மிச்சம் 0.8. இதேபோல் ஒவ்வொருவருக்கும் அவரவர் சராசரியைக் கழியுங்கள். ‘செ’ தன் எழுத்தாக இல்லாதவர்களிடம் அதற்குக் கிடைத்த மிச்சத்தின் சராசரி 0.3 என்றால், செல்வியின் மதிப்பெண் 2.5. ‘கா’வுக்கு அது 0.5 என்றால் 0.3. எக்செல்லில் ஒரு மணி நேர வேலை. எல்லா எழுத்துக்கும் ஒரே எண்ணை வட்டமிட்டவர்களை நீக்கிவிடுங்கள்.

மேலைநாட்டு ஆய்வுகளில் இரண்டு எழுத்தையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். தமிழில் அப்படிச் செய்வது சரியல்ல. அங்கே இரண்டாவது எழுத்து குடும்பப் பெயர். இங்கே அது அப்பாவின் பெயர். திருமணத்துக்குப் பின் கணவர் பெயருக்கு மாறியிருக்கவும் கூடும். செல்விக்குக் ‘கா’ பிடிப்பதும் பிடிக்காததும் அப்பாவைப் பற்றிய உணர்வாக இருக்கலாம். சொந்த எழுத்து, இனிஷியல் என்று இரண்டு நிரலாகவே வைத்திருங்கள். செ. செல்வி போல இரண்டும் ஒன்றாக வந்தால் அவரைப் பிரித்துப் பார்க்க வழியில்லை, தனிக்குறி போடுங்கள். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் நிறைய இருந்தால் 26 எழுத்துத் தாளையும் ஒரு வாரம் கழித்துக் கொடுத்து ஒப்பிடுவது நல்லது.

இந்த எண்ணை நம்பலாமா?

ஒரு குழுவைப் பற்றிப் பேச ஓரளவு நம்பலாம். தனி ஒருவரிடம் ‘உனக்கு உள்மனச் சுயமதிப்பு குறைவு’ என்று சொல்லவே கூடாது. ஒன்றிரண்டு எழுத்தில் நிற்கும் அளவு எளிதில் ஆடும். பாஸன், ஸ்வான், பென்னிபேக்கர் 2000-இல் இத்தகைய மறைமுக அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது அவற்றுக்குள் ஒத்துப்போக்கு மிகக் குறைவாகவே இருந்தது. 2011-இல் புர்மெஸ்டர் குழுவினர், இவை அளப்பது சுயமதிப்பையே அல்ல என்று வாதிட்டார்கள். நான்கு வாரம் கழித்து மறுபடி அளந்து இரண்டு தடவையின் மதிப்பெண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது குறைந்தபட்சக் கடமை. முதல் தடவையை மார்கழியில் வைத்தால் மறு தடவை பொங்கல் விடுமுறையிலும் சம்பா அறுவடையிலும் மாட்டும், பாதிப் பேர் வர மாட்டார்கள். ஆடியிலோ ஆவணியிலோ தொடங்குங்கள்.

கணினி ஆய்வகம் இருந்தால்

1998-இல் வந்த மறைமுகத் தொடர்புச் சோதனையைச் சைக்கோபை என்ற இலவச மென்பொருளில் அமைக்கலாம். தன்னைக் குறிக்கும் சொல், பிறரைக் குறிக்கும் சொல், நல்ல சொல், கெட்ட சொல் ஆகியவற்றை இரண்டு விசைகளால் வேகமாகப் பிரிக்க வேண்டும்; ‘தான்’ நல்ல சொல்லோடு ஒரே விசையில் இருக்கும்போது கூடும் வேகம் உள்மனச் சுயமதிப்பைக் காட்டும் என்பது கணக்கு. ஏழு கட்டங்கள். 3, 4, 6, 7 ஆகியவற்றின் வேகத்தில்தான் மதிப்பெண் இருக்கிறது. 10,000 மில்லிவிநாடிக்கு மேற்பட்ட விடைகளை நீக்குங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் 300-க்குக் குறைவாக அழுத்தியவர்களையும் நீக்குங்கள். விசைப்பலகை வேண்டும், கைபேசித் திரை ஆகாது.

இங்கேயும் இடறுவது சொல்தேர்வில்தான். ‘பிறர்’ வரிசையில் ‘அவர்’ என்று போட்டால் மரியாதை ஒட்டிக்கொண்டு வரும், ‘அவன்’ என்றால் இளக்காரம் ஒட்டும். மற்றவர், பிறர், பிறருடைய போன்றவற்றை வையுங்கள். ‘தான்’ வரிசையில் நான், என், என்னை, எனக்கு. ‘நாம்’ எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல், அதை விட்டுவிடுங்கள்.