மின் கெட்டில் வாங்கும் முன் வீட்டில் பார்க்க வேண்டியதும் கடையில் பார்க்க வேண்டியதும்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் கெட்டில் சீக்கிரம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கெட்டில் அல்ல. பொருந்தாத பிளக் பாயிண்ட் ஒன்று, உப்புத் தண்ணீர் இன்னொன்று. இரண்டும் வீட்டில் இருக்கின்றன. அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.

படி 1: அடுக்களையில் எந்த பிளக் பாயிண்ட் இருக்கிறது?

சந்தையில் கிடைக்கும் 1.5 லிட்டர் கெட்டில்களில் பெரும்பாலானவை 1500 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 6.5 ஆம்பியர். மிக்சி மாட்டும் சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்கு உரியது. அதில் 1500 வாட் கெட்டிலை மாட்டினால் அன்றைக்கே எதுவும் ஆகாது. தினமும் சூடாகிச் சூடாகி உள்ளே இருக்கும் பித்தளைப் பிடிப்பு தளரும், தளர்ந்த இடம் இன்னும் சூடாகும், பிளக் நுழையும் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறும். பழுப்பைப் பார்த்தால் அந்த பாயிண்டை மாற்றுங்கள். கெட்டிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெரிய பின் உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் இருந்தால் 1500 வாட் தாராளமாக வாங்கலாம். இல்லையென்றால் இரண்டு வழி. எலக்ட்ரீஷியனை வைத்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனியாக ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் போடலாம். அது முடியாத வாடகை வீடு என்றால் 1000 அல்லது 1200 வாட் கெட்டில் போதும். அவை முறையே 4.3, 5.2 ஆம்பியர்தான் இழுக்கும். பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்டில் மாட்டக் கன்வெர்ஷன் பிளக் வாங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம்.

எர்த் கட்டாயம். பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளை இருக்கும், மேல் துளைக்கு ஒயரே வந்திருக்காது. எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப் வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வெளியே ஸ்டீலும் உள்ளே தண்ணீரும் உள்ள பொருளை எர்த் இல்லாத பாயிண்டில் மாட்டவே கூடாது. சாதாரண வீட்டு இன்வெர்டரும் கெட்டிலைத் தாங்காது. கரண்ட் போன நேரத்துக்குக் கேஸ் அடுப்புதான்.

படி 2: என்ன வெள்ளம் (தண்ணீர்) ஊற்றப் போகிறீர்கள்?

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் இருந்தால் கிணற்றிலோ போரிலோ உப்பு இருக்க வாய்ப்பு அதிகம். குலசேகரம், திருவட்டாறு பக்கம் போகப் போக அந்தத் தொல்லை குறையும். தெரிந்துகொள்ள எளிய வழி: ஒரு ஸ்டீல் தட்டில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். வற்றிய பிறகு வெள்ளையாகத் திட்டு நின்றால் கெட்டிலின் அடியிலும் அதுதான் படியும்.

உப்பில் உள்ள குளோரைடு ஸ்டீலில் ஊசிமுனை போலச் சின்னச் சின்னக் குழிகளை அரிக்கும். 304 கிரேடு ஸ்டீல் இதை நன்றாகத் தாங்கும்; அதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். மலிவான 201, 202 கிரேடுகளில் நிக்கல் குறைவு, சீக்கிரம் அரிக்கும். சில கடைகளில் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை, நல்ல ஸ்டீல் என்று காட்டுவார்கள். 202-உம் காந்தத்தில் பெரும்பாலும் ஒட்டாது. எனவே காந்தத்தை நம்பாமல் பெட்டியில் 304 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் இருந்தால் கடலோரத்து வீட்டுக்கு வேண்டாம்.

படி 3: எத்தனை பேருக்கு?

150 மில்லி டம்ளர் கணக்கில் ஒரு லிட்டர் என்பது ஆறு, ஏழு டம்ளர். நான்கு பேர் வீட்டுக்கு 1.5 லிட்டர் சரி. தனியாக இருப்பவர் 1 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரியதை வாங்கி ஒரு டம்ளர் மட்டும் ஊற்றினால் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே நிற்கும். அப்படிப் பயன்படுத்தக் கூடாது.

கரண்ட் செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க சுமார் 0.1 யூனிட். தினமும் இரண்டு லிட்டர் என்றால் இரண்டு மாத பில்லில் 12 யூனிட் கூடும். ஒரு லிட்டர் கொதிக்க 1500 வாட்டில் நான்கு நிமிடம் ஆகும். சாயங்காலம் வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் அதே கெட்டில் ஆயிரம் வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும், ஆறு நிமிடம் பிடிக்கும். அது கெட்டிலின் கோளாறு அல்ல.

படி 4: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

மூடியைத் திறந்து கையை உள்ளே விடுங்கள். கை போகாத கெட்டிலைக் கழுவ முடியாது. அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். சூடாக்கும் காயில் (சுருள் கம்பி) வெளியே தெரிந்தால் அதைச் சுற்றி உப்புக் கட்டும், சுரண்டி எடுப்பது பெரும்பாடு. உள்ளே மூக்கு ஒட்டிய இடத்தில் வெல்டிங் கறுத்தோ சொரசொரப்பாகவோ இருந்தால் வேறு பீஸ் கேளுங்கள். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் உரிமம் யாருடையது என்று காட்டும். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம், ஆகவே எண்ணைச் சரிபாருங்கள்.

அடுத்தது ஆட்டோ கட் ஆஃப். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, எந்தக் கடையிலும் கூச்சப்படாமல் அரை லிட்டர் ஊற்றிப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நிறைய கெட்டில்களில் கைப்பிடிப் பக்கம் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சின்ன வளைந்த தகடு ஒன்று இருக்கிறது. கொதிக்கும்போது நீராவி உள்வழியாக வந்து அதைத் தொடும். சூடு பட்டதும் தகடு டக்கென்று எதிர்ப்பக்கம் வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். தளதளவென்று கொதித்த பிறகு அரை நிமிடத்துக்குள் அந்தச் சத்தம் கேட்க வேண்டும். மூடி சரியாக அமராத கெட்டிலில் நீராவி மேலே போய்விடும், தகடு சூடாகாது, கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். மூடி அழுத்தமாக மூடுகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

தண்ணீரே இல்லாமல் போட்டாலும் நிற்க வேண்டும். அதற்கு அடியில் தனியாக ஒரு பாதுகாப்பு உண்டு. அது இருப்பதாகப் பெட்டியில் எழுதியிருந்தால் போதும், நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

படி 5: முதல் நாளும் அப்புறமும்

அதிகபட்சக் கோடு வரை ஊற்றி, கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். இரண்டு முறை செய்தால் பெரும்பாலும் புது வாடை போய்விடும். எப்போதும் அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். கொதிக்கும்போது மூக்கு வழியாகத் தெறிக்கும்.

கெட்டிலுக்குள் வெறும் தண்ணீர் மட்டும். கருப்பட்டிக் காப்பியை உள்ளேயே காய்ச்ச ஆசை வரும். வேண்டாம். கருப்பட்டி அடியில் ஒட்டிக் கருகும். பால் பொங்கி நீராவி வழியை அடைக்கும். அதன் பிறகு கட் ஆஃப் வேலை செய்யாது. பதிமுகம் (குடிதண்ணீரில் போடும் சிவப்பு மரச்சீவல்), சீரகம், சுக்கு எதுவானாலும் வேறு பாத்திரத்தில் போட்டு, கொதித்த வெள்ளத்தை அதன் மேல் ஊற்றி மூடி வையுங்கள்.

மழைக்குப் பிறகு கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அந்த வாரம் கெட்டிலில் தண்ணீரை இரவு முழுக்க விடாதீர்கள். மற்ற நாட்களிலும் ராத்திரி காலி செய்து, மூடியைத் திறந்து வைப்பதுதான் நல்லது. அடித்தட்டின் நடுவில் உள்ள இணைப்பில் கடற்காற்றால் பச்சை பிடிக்கும், எறும்பும் குடியேறும். பிளக்கைக் கழற்றிவிட்டு வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

படி 6: வெள்ளைப் படிவு வந்தால்

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து 20 கிராம் சிட்ரிக் ஆசிட் போடுங்கள். கொதிக்கும்போதே போட்டால் பொங்கி மேலே வரும். அரை மணி நேரம் விட்டுக் கொட்டி, இருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அலசுங்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஸ்டீலின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலம் கீறிப் போகும். உப்பு வெள்ளம் உள்ள வீட்டில் மாதம் ஒருமுறை, மற்ற வீடுகளில் படிவு தெரியும்போது செய்தால் போதும்.

பழுப்புப் புள்ளிகள் இதில் கரைந்து போனால் அது தண்ணீரில் இருந்த இரும்பு. போகாமல், விரல் நகத்தால் தடவும்போது குழி தட்டினால் ஸ்டீலே அரித்திருக்கிறது. வாரண்டி இருந்தால் பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் வேறு கெட்டில் வாங்குங்கள்.