நெய்ச்சட்டிக்கீரையா, முயற்செவியா? பூவைக் கவிழ்த்துப் பாருங்கள்

மழை ஓய்ந்த தை மாதத்தில் காரைக்குடிப் பக்கம் செம்மண் காட்டுக்குள் இறங்கினால், முந்திரி மரங்களுக்கு இடையே முழங்கால் உயரத்தில் ஊதாப் பொட்டு வைத்த செடிகள் நிற்கும். பெரும்பாலும் அது நெய்ச்சட்டிக்கீரை. சீதேவியார் செங்கழுநீர் என்றும் சொல்வார்கள். 'பெரும்பாலும்' என்று நான் இழுப்பதற்குக் காரணம், பக்கத்திலேயே முயற்செவியும் அதே ஊதாவில் பூத்திருக்கும். முதல் தடவை இரண்டையும் கலந்து ஒரே கட்டாகக் கொண்டுவந்தேன். அப்பத்தா ஒரு பார்வை பார்த்து, "இதுல பாதி வேற செடிடா" என்று ஒதுக்கிவிட்டார்.

காலையில் போங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும்.

முதலில் இலை. நெய்ச்சட்டியில் இலைகள் மாறி மாறி இருக்கும். அடிப்பக்கம் குறுகிச் சின்னக் காம்பாக முடியும். முயற்செவியின் மேல் இலைகளோ காது மடல் போலத் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும்.

அடுத்தது பூ. இரண்டு செடியும் சூரியகாந்திக் குடும்பம். ஒரு பூ என்று நாம் நினைப்பது இந்தக் குடும்பத்தில் பல பூக்களின் கூட்டம்; பாடப்புத்தகத்தில் சிரமஞ்சரி என்று படித்திருப்பீர்கள், இங்கே தலை என்கிறேன். நகத்தால் பிளந்து உள்ளங்கையில் உதிர்த்தால், நெய்ச்சட்டியின் ஒரு தலையில் ஏறக்குறைய இருபது குழல் பூக்கள் தேறும். சூரியகாந்தி போலச் சுற்றிலும் இதழ் விரியாது. முயற்செவிக்கும் அப்படித்தான், அதனால் இதோடு நின்றுவிடக் கூடாது.

சரி, இப்போது தலையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். விஷயமே இங்கேதான் இருக்கிறது. நெய்ச்சட்டியில் கூரை ஓடு வேய்ந்த மாதிரி, நீளம் வேறுவேறான பச்சைச் செதில்கள் பல வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். லென்ஸில் மயிரும் தெரியும். முயற்செவியில் செதில்கள் ஒரே வரிசை, ஒரே உயரம், வழவழப்பு. மொத்தத்தில் சின்னக் குப்பி போல இருக்கும்.

நிறத்தை நம்பாதீர்கள். முற்றினால் இரண்டுமே வெள்ளைப் பஞ்சாகிப் பறந்துவிடும்.

நெய்ச்சட்டியின் அறிவியல் பெயர் சயாந்தில்லியம் சினரியம். பழைய நூல்களில் வெர்னோனியா சினரியா. சினரியம் என்றால் சாம்பல் நிறம்.

'கீரை' என்று பெயர் இருக்கிறதே என்று உடனே சட்டியில் போட்டுவிட வேண்டாம். கூடவே முயற்செவி கலந்திருந்தால், அதில் ஈரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு. அடையாளம் கேட்டு யாருக்காவது போட்டோ அனுப்பினால், மேலிருந்து ஒன்று, இலை தண்டில் சேரும் இடம் ஒன்று, பூவின் அடிப்பக்கம் ஒன்று. அந்த மூன்றாவது இல்லாமல் அனுப்பாதீர்கள்.