பழைய அளவில் புதிய கிட்டார்: கடலோர ஊரில் சேகரிப்பைத் தொடங்குவது எப்படி?

1959-ஆம் ஆண்டு கிப்சன் லெஸ் பால் மின்கிட்டார் ஒன்று இன்று கோடி ரூபாய்க் கணக்கில் கைமாறுகிறது. 1958 முதல் 1960 வரை அந்தச் செம்மஞ்சள் 'சன்பர்ஸ்ட்' நிறத்தில் செய்யப்பட்டவை மொத்தமே இரண்டாயிரத்துக்கும் குறைவு. புதுச்சேரியிலோ கடலூரிலோ மாதச் சம்பளத்தில் வாழ்கிறவருக்கு அது எட்டாத பொருள். ஆனால் அதன் கழுத்துப் பருமன், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் காந்தம், உலோக உறுப்புகளின் வடிவம் எல்லாவற்றையும் அளந்து பார்த்துப் புதிதாகச் செய்கிற கிட்டார்கள் இருக்கின்றன. ரீஇஷ்யூ என்று அழைக்கப்படுபவை அவைதான். நாலைந்து கார்டு வாசிக்கத் தெரிந்து, இனி நல்ல கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம் என்று நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. முதலில் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். பிராண்டும் நிறமும் விலையும் அதற்குப் பிறகு வரட்டும்.

படி 1: ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு ரீஇஷ்யூவும் ஒரு குறிப்பிட்ட ஆண்டின் கிட்டாரைப் பின்பற்றுகிறது. ஒரே மாடலாக இருந்தாலும் ஐந்தாண்டு இடைவெளியில் கையில் பிடிக்கும் உணர்வே மாறிவிடும்.

ஃபெண்டரிலிருந்து தொடங்குவோம். 1950-களின் தொடக்கத்து டெலிகாஸ்டரில் ஆஷ் மரத்து உடல், ஒரே துண்டு மேப்பிளில் செய்த கழுத்து, கம்பிகளை உடலில் தாங்கும் பிரிட்ஜில் மூன்றே பித்தளைச் சேடல்கள். ஒரு சேடல் இரண்டு கம்பிகளைத் தாங்குவதால் மேல் ஃபிரெட்டுகளில் (வீணையில் மெட்டு என்கிறோமே, ஃபிரெட் அதுதான்) சுருதி இம்மி பிசகும். அதைப் பொறுத்துக்கொண்டால் வெடிப்பான, தெளிவான நாதம் கிடைக்கும். 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. 1957 ஸ்ட்ராட் என்றால் ஆல்டர் உடலும், முதுகுப்புறம் மெல்லிய முகடு வைத்த மேப்பிள் கழுத்தும். 1959 முதல் விரல்பலகை ரோஸ்வுட்டுக்கு மாறியது. ஆகவே 1961, 1962 ஸ்ட்ராட் என்று பெயர் போட்டு வருபவை கருமையான பலகையோடு இருக்கும். 1965-இல் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதற்கு முந்தையவற்றைச் சேகரிப்பாளர்கள் தனியாக மதிப்பதற்குக் காரணம் இந்த விற்பனைதான்.

கிப்சனில் லெஸ் பால் 1952-இல் பொன்னிற மேற்பரப்போடும் பி-90 என்ற வகைப் பிக்கப்போடும் வந்தது. 1957-இல் சேத் லவர் வடிவமைத்த, இரைச்சலைத் தவிர்க்கும் ஹம்பக்கர் பிக்கப் அதில் ஏறியது. 1958-இல் சன்பர்ஸ்ட் நிறம் வந்தது. 1960-இல் கழுத்து ஒல்லியானது. 1961-இல் உடலே மெலிந்து, இரட்டைக் கொம்பு வைத்து, இன்று நாம் எஸ்.ஜி. என்று அறியும் வடிவமானது. சிறிய கை உள்ளவருக்கு 1960 பாணிக் கழுத்து இதமாக இருக்கும். 1950-களின் பருத்த கழுத்து உள்ளங்கையை நிறைக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

ரீஇஷ்யூவுக்கும் இப்போது வரலாறு உண்டு. ஃபெண்டர் 1982-இல் தன் 1957, 1962 ஸ்ட்ராட்டையும் 1952 டெலியையும் அமெரிக்காவில் மறுபடி செய்யத் தொடங்கியது. அதே ஆண்டு ஜப்பானிலும் இதைச் செய்தது. அந்த 1982 கருவிகளே இன்று சேகரிப்புப் பொருள்கள்.

முதல் கிட்டாருக்கு எதைச் சொல்வேன் என்று கேட்டால், தயங்காமல் 1950-களின் தொடக்கத்து டெலிகாஸ்டர் பாணி. இரண்டு பிக்கப், ஒரு சுவிட்ச், இரண்டு குமிழ். ஸ்ட்ராட்டைப் போல ஸ்பிரிங் வைத்து ஆடும் பிரிட்ஜ் கிடையாது. கடல் காற்றில் துருப்பிடிக்கும் உறுப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

படி 2: எந்த அளவுக்குப் பழமை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே ஆண்டின் பெயரில் மூன்று நான்கு விலைகளில் கிட்டார் கிடைக்கும். ஃபெண்டர் குடும்பத்தில் ஸ்குவையர் கிளாசிக் வைப் கீழே. மெக்சிகோவின் என்செனாடாவில் செய்யப்படும் வின்டேரா 2 நடுவில். 2022-இல் வந்த அமெரிக்கன் வின்டேஜ் 2 அதற்கு மேலே. கஸ்டம் ஷாப் என்ற தனிப்பட்டறையின் கருவிகள் உச்சியில். கிப்சன் பக்கம் எபிஃபோன் கீழே, கிப்சன் கஸ்டம் மேலே.

விலை ஏறும்போது மாறுவது மரமும் உழைப்பும் மட்டுமல்ல. விரல்பலகையின் மேற்பரப்பு ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. பழைய ஃபெண்டரில் அந்த வட்டத்தின் ஆரம் 7.25 அங்குலம், பார்த்தாலே வளைவு தெரியும். கிளாசிக் வைப்பில் அது 9.5 அங்குலம். தோற்றம் பழையது, பலகை இக்காலத்தது. வின்டேரா 2-இல் 7.25 அப்படியே இருக்கிறது. கார்டு பிடிக்க அந்த வளைவு சுகம். ஆனால் கம்பியை இழுத்து வளைத்து வாசிக்கும்போது, கம்பி மிகவும் தாழ்வாக இருந்தால் ஒலி பாதியில் செத்துவிடும். சோலோ வாசிப்பதே உங்கள் ஆசை என்றால் 9.5-ஐயே எடுங்கள். சேகரிப்பின் நேர்மை கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். வாசிக்காத கிட்டார் வெறும் மரப்பலகைதான்.

தொழிற்சாலையிலேயே சுரண்டி, தேய்த்துப் பழையதாக்கி விற்கும் 'ரெலிக்' வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணம் கொடுத்து வாங்கும் அந்தத் தேய்மானத்தை நம் கடற்கரை இலவசமாகவே தரும்.

படி 3: மரமும் பூச்சும் நம் காற்றைத் தாங்குமா?

இங்கே நிதானமாக யோசியுங்கள். வீணைக்குப் பண்ருட்டிப் பலாமரம் போகிற கடலூர் மாவட்டம் நம்முடையது. மரம் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும் என்பது இங்கே பலருக்குத் தெரிந்த செய்தி. கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலை ஓரத்திலோ ஆண்டின் பெரும்பகுதி அதைவிட அதிகம்.

1950-களின் கிட்டார்களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசப்பட்டது. மெல்லிய பூச்சு, நாளடைவில் மஞ்சளிக்கும், சட்டென்று வெப்பநிலை மாறினால் மயிரிழை விரிசல் விடும். அழகுதான். ஆனால் வியர்வையில் இளகும், ஸ்டாண்டின் ரப்பரோடு வேதிவினை புரிந்து தழும்பு வாங்கும். அமெரிக்கன் வின்டேஜ் 2-இல் இந்த லாக்கர் உண்டு. விலை குறைந்த வரிசைகளில் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன்; அவை தடித்தவை, முரட்டுத்தனமானவை. முதல் கிட்டாருக்கு, அதுவும் ஏ.சி. இல்லாத அறையில் வைக்கப்போவதாக இருந்தால், பாலி பூச்சுதான் புத்திசாலித்தனம்.

ரோஸ்வுட் பற்றி ஒரு சொல். 1950-களில் பயன்பட்ட பிரேசில் ரோஸ்வுட்டின் வணிகத்துக்கு 1992-இல் பன்னாட்டுத் தடை வந்தது. இன்றைய ரீஇஷ்யூக்கள் பலவற்றின் பலகை இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். 'அசல் பிரேசில் மரம்' என்று யாராவது மலிவாக விற்றால் நம்பாதீர்கள்.

படி 4: கையில் எடுத்துச் சோதியுங்கள்

இணையத்தில் வாங்கலாம், தவறில்லை. ஆனால் முதல் கருவிக்காகச் சென்னைக்கு ஒரு பகல் பயணம் போய்வருவது வீண்போகாது. கடையில் இந்த வரிசையில் பாருங்கள்.

தோளில் மாட்டி நின்று பாருங்கள். லெஸ் பால் நான்கு கிலோவைத் தொடுவது இயல்பு. நான்கரையைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் தோள் சொல்லிவிடும்.

ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேருமிடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல் ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் கழுத்தின் வளைவு சரி. இடைவெளியே இல்லையென்றாலும், கட்டை விரல் நகம் நுழையும் அளவுக்கு இருந்தாலும் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்யச் சொல்லுங்கள். பழைய பாணி ஃபெண்டர் பலவற்றில் இந்தத் திருகு கழுத்தின் அடியில் இருப்பதால் கழுத்தையே தளர்த்த வேண்டிவரும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

கழுத்தின் இரு ஓரங்களிலும் விரலை ஓட்டுங்கள். ஏ.சி. ஷோரூமில் நாள்கணக்கில் காய்ந்த மரம் சுருங்கியிருந்தால் ஃபிரெட்டின் முனைகள் முள்ளாகக் குத்தும்.

பிறகு முதல் கம்பியிலும் இரண்டாம் கம்பியிலும் 12 முதல் 15 வரை ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒரு முழுச் சுரம் மேலே இழுத்துப் பாருங்கள். ஒலி கடைசிவரை நிற்க வேண்டும்.

அடுத்து ஆம்ப்ளிஃபயர். ஒற்றைச் சுருள் பிக்கப்பும் பி-90-உம் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலைப் பிடித்துத் தரும். அது குறை அல்ல, அவற்றின் இயல்பு. ஹம்பக்கர் கண்டுபிடிக்கப்பட்டதே அதைத் தவிர்க்கத்தான். சோதிக்க வேண்டியது வேறு: கம்பியில் கை வைத்தவுடன் இரைச்சல் குறைகிறதா? குறைந்தால் உள்ளே எர்த் இணைப்பு சரி. வீட்டிலும் எர்த் உள்ள மூன்று முனைப் பிளக் பாயின்ட் கட்டாயம் வேண்டும். கடலூர் முதுநகரிலும் புதுச்சேரியின் பழைய தெருக்களிலும் எர்த் இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே ஆம்ப்ளிஃபயரைச் சொருகும் முன் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது.

படி 5: பில், சீரியல் எண்

புதியது என்றால் பில்லும் உத்தரவாத அட்டையும் போதும். ஒருவர் பயன்படுத்திய கிட்டாரை வாங்குவதாக இருந்தால் கொஞ்சம் துப்பறிய வேண்டும். அண்மைக்கால மெக்சிகோ ஃபெண்டரின் எண் எம்.எக்ஸ். என்ற எழுத்துகளில் தொடங்கும். கிப்சனில் கழுத்துத் தண்டின் மூடியை இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். மூன்று இருந்தால் போலியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். உள்ளே குமிழ்களின் அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரில் எண் அச்சிட்டிருக்கும். அமெரிக்க உறுப்பென்றால் 137-இல் தொடங்குபவை சி.டி.எஸ். நிறுவனத்தவை, அதைத் தொடர்ந்து ஆண்டும் வாரமும் வரும். 1982 ரீஇஷ்யூ என்று சொல்லப்படும் கிட்டாரில் 1990-களின் உறுப்பு இருந்தால் அது மாற்றப்பட்டிருக்கிறது; விலையைக் குறைத்துப் பேசலாம்.

படி 6: வீட்டுக்கு வந்தபின்

பெட்டியை உடனே திறக்காதீர்கள். ஏ.சி. கடையிலிருந்து நம் காற்றுக்கு மரம் பழக ஒரு நாள் விடுங்கள். பிறகு புதுக் கம்பி போட்டு, கழுத்தின் வளைவை மீண்டும் அளந்துகொள்ளுங்கள். உறை பூசிய கம்பிகள் விலை கூடுதல்தான். உப்புக் காற்றில் சாதாரணக் கம்பியைவிட நெடுநாள் தாங்கும். பிரிட்ஜின் சிறு திருகுகளில் ஊசிமுனை அளவு தையல் மெஷின் எண்ணெய் இடுங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். எலுமிச்சை எண்ணெயை ரோஸ்வுட் பலகைக்கு மட்டும் பயன்படுத்துங்கள், லாக்கர் பூசிய மேப்பிளுக்கு வேண்டாம்.

பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரமானியும் சிலிகா ஜெல் பொட்டலங்களும் வையுங்கள். பொட்டலம் நிறம் மாறியதும் வெயிலில் போடாமல் ஓவனில் இளஞ்சூட்டில் உலர்த்துங்கள். கடலைப் பார்த்த சுவரில் கிட்டாரை மாட்டாதீர்கள். 2011-இல் தானே புயலையும் 2015-இல் வெள்ளத்தையும் பார்த்த நமக்கு, பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பரணில் வைப்பதும் வெப்பத்தால் ஆகாது. அறையின் உட்புறத்தில் நிற்கும் பீரோவின் மேல்தட்டு நல்ல இடம்.

இரண்டாவது கிட்டாருக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம், ஆனால் ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை வாங்காதீர்கள். அக்டோபரில் ஒருமுறையும் ஜனவரியில் ஒருமுறையும் கழுத்தின் வளைவையும் கம்பியின் உயரத்தையும் குறித்து வையுங்கள். அந்த இரண்டு குறிப்புகளைப் பார்த்தால், உங்கள் வீட்டில் அடுத்து லாக்கர் பூசிய கிட்டார் வைக்கலாமா, பாலியிலேயே நிற்கலாமா என்பது தெரிந்துவிடும்.