தீந்துபோச்சா, இல்ல கைக்கு வரலையா? வளத் தட்டுப்பாடு பத்தி பேசுறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

காரைக்குடியில எந்த டீக்கடையில உக்காந்தாலும் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வந்துரும், பெட்ரோல் இன்னும் முப்பது வருசத்துக்குத்தான், அதோட காலி. எங்க அப்பா வயசு ஆளுக சின்னப் பயலுகளா இருந்தப்பவும் இதே முப்பது வருசம்தானாம். இயற்கை வளம் குறையுது, அதனால உலகப் பொருளாதாரம் ஆட்டம் காணுதுங்கிறதெல்லாம் பொய் இல்ல, ஆனா அதைப் பத்தி பேசுறப்ப நம்மாளுக திரும்பத் திரும்ப ஒரே எடத்துலதான் சறுக்குறோம். பூமிக்குள்ள எவ்வளவு கிடக்குன்னு மட்டும் பாக்கிறோம், அது நம்ம கைக்கு எந்த வழியா வருது, வழியில யாரு நிக்கிறாங்கன்னு பாக்கிறதே இல்ல.

எண்ணெயிலயே ஆரம்பிக்கலாம். 1980-ல உலகம் பூரா கணக்குல இருந்த எண்ணெய் இருப்பு சுமார் 68,000 கோடி பீப்பாய். அடுத்த 40 வருசத்துல எல்லா நாடும் சேந்து ஒரு லட்சம் கோடி பீப்பாய்க்கு மேல எரிச்சுத் தள்ளியாச்சு, அப்ப கணக்குப்படி மைனஸ்ல போயிருக்கணும்ல? 2020-ல பாத்தா இருப்பு 1.7 லட்சம் கோடி பீப்பாய்னு நிக்குது. இதுல மாயமெல்லாம் ஒண்ணும் இல்லங்க. இருப்புன்னு அவங்க எழுதுறது மண்ணுக்குள்ள இருக்கிற மொத்தத்தை இல்ல, இன்னைக்கு விலைக்கு, இன்னைக்கு இருக்கிற டெக்னாலஜியில எடுத்தா கட்டுபடியாகும்னு உறுதியா தெரிஞ்ச அளவை மட்டும்தான். விலை ஏறுச்சுன்னா நேத்து வரைக்கும் யாரும் சீண்டாத கனடா எண்ணெய் மணல் கூட இருப்புக் கணக்குல ஏறிரும். அமெரிக்காவுல ஹப்பர்ட்னு ஒரு நிலவியல் நிபுணர் 1956-லயே சொன்னாரு, அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1970 வாக்குல உச்சத்துக்குப் போயி அப்புறம் இறங்கும்னு, சொன்ன மாதிரியே இறங்குச்சு, எல்லாரும் அவரைக் கொண்டாடினாங்க, அப்புறம் பாறையை உடைச்சு எடுக்கிற ஷேல் எண்ணெய் வந்து 2018-ல அந்தப் பழைய உச்சத்தையே தாண்டிருச்சு. அதனால இருப்பை எடுத்து வருசச் செலவால வகுத்து "இத்தனை வருசம்தான்"னு சொல்றவர் கிட்ட வாக்குவாதம் பண்ணாதீங்க, டீயைக் குடிச்சிட்டு எந்திரிச்சிருங்க. எண்ணெய் தீராதுன்னு நான் சொல்லல, கடைசிச் சொட்டு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே எடுக்கிற செலவு ஏறி ஏறி அது நம்ம பஸ் டிக்கெட்லயும் உரத்துலயும் வந்து உக்காந்துரும், பயப்படணும்னா அதுக்குப் பயப்படணும்.

அடுத்த தப்பு இதுக்கு நேர் எதிர்ப்பக்கம். கடையில பொருள் இல்லன்னா விளைச்சல் இல்லன்னு நெனைக்கிறது. 2007-08 அரிசி விவகாரம் இதுக்கு ரொம்ப நல்ல உதாரணம், நம்மாளுகள்ல பாதிப்பேர் அதை மறந்தே போயிட்டாங்க. அந்த வருசம் உலகத்துல நெல் விளைச்சலுக்கு ஒரு கொறையும் இல்ல, சொல்லப்போனா அதுவரைக்கும் இல்லாத அளவுக்கு விளைஞ்சிருந்துச்சு. ஆனா கோதுமை, எண்ணெய் விலையெல்லாம் ஏறினதைப் பாத்து இந்தியா ஏற்றுமதிக்கு கட்டுப்பாடு போட்டுச்சு, வியட்நாமும் போட்டுச்சு, அரிசியை வெளியில வாங்கியே சாப்பிடுற பிலிப்பைன்ஸ் பயந்துபோயி எந்த விலைக்குன்னாலும் தாங்கன்னு டெண்டர் மேல டெண்டர் விட்டுச்சு. கல்யாணப் பந்தியில பாயாசம் தீரப்போகுதாம்னு ஒருத்தர் முணுமுணுத்தா சாப்பிடாத ஆளும் ரெண்டு டம்ளர் கேப்பாருல்ல, அதே கதைதான். தாய்லாந்து அரிசி சில மாசத்துல கிட்டத்தட்ட மூணு மடங்கு ஏறி 2008 வசந்தத்துல டன் 1,000 டாலரைத் தாண்டிருச்சு. எப்படி இறங்குச்சு தெரியுமா? ஜப்பான் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக வேற வழியில்லாம இறக்குமதி பண்ணி குடோன்ல போட்டு வச்சிருந்த வெளிநாட்டு அரிசி கொஞ்சம் இருந்துச்சு, அதை வெளியில விடலாம்னு ஒரு பேச்சு கிளம்புச்சு, அந்தப் பேச்சுக்கே விலை இறங்க ஆரம்பிச்சிருச்சு. பெருசா ஒரு மூட்டையும் நகரல.

இதே கூத்து 2023 ஜூலை 20-ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு தடை போட்டப்பவும் நடந்துச்சு. உலக அரிசி வியாபாரத்துல சுமார் 40 சதவீதம் நம்ம நாட்டோடது, அதனால அமெரிக்காவுல இருக்கிற இந்தியக் கடைகள்ல சனம் வரிசை கட்டி பை பையா தூக்கிட்டுப் போனாங்க, வீடியோவெல்லாம் வாட்ஸ்அப்ல சுத்துச்சு. புழுங்கலரிசிக்கு அந்தத் தடையே கிடையாது, ஆகஸ்ட் கடைசியில 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டாங்க, அவ்வளவுதான். டல்லஸ்ல இருந்து ஊருக்கு போன் போட்டு "இட்லிக்கு என்னடா பண்றது"ன்னு பொலம்பினவங்கள்ல எத்தனை பேரு அந்த உத்தரவைப் படிச்சிருப்பாங்க? தட்டுப்பாடுச் செய்தி வந்தா மொதல்ல விளைச்சல் கொறைஞ்சுதா, இல்ல கதவைச் சாத்தினாங்களான்னு பாருங்க. விளைச்சல் கொறைஞ்சா அடுத்த அறுவடை வரைக்கும் பொறுக்கணும், கதவைச் சாத்தினது ஒரே கையெழுத்துல திறந்துரும், 2024 செப்டம்பர்ல திறந்தும் விட்டாங்க.

கதவைச் சாத்துறவனுக்கு எப்பவும் லாபம்னு நெனைக்கிறதும் தப்புதான். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ணப் போன எங்க பக்கத்துக் குடும்பங்கள்ல மலாயா ரப்பர் தோட்டத்துல பணம் போட்டவங்க நெறைய, அந்த வீட்டுப் பெரியவங்க கிட்ட கேட்டா ரப்பர் விலை ஏறி இறங்கின கதை கொஞ்சமாவது வரும். 1922-ல பிரிட்டிஷ்காரன் ஸ்டீவன்சன் திட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தான், மலாயாவுலயும் சிலோன்லயும் இருந்து போற ரப்பரை கொறைச்சு விலையை ஏத்துறதுக்கு. ஏறவும் ஏறுச்சு, 1925-ல ஒரு பவுண்டு எடை ரப்பர் விலை ஒரு டாலரைத் தாண்டி போச்சு. ஆனா பக்கத்துல டச்சுக்காரன் ஆட்சியில இருந்த இந்தோனேசியா இந்தத் திட்டத்துல சேரவே இல்ல, அங்க சின்னச் சின்ன விவசாயிக எல்லாரும் ரப்பர் மரத்தை நட்டுத் தள்ளிட்டாங்க. அமெரிக்காக்காரன் பழைய டயரை உருக்கி திரும்பப் பயன்படுத்த ஆரம்பிச்சான், டயர் கம்பெனி ஃபயர்ஸ்டோன் தோட்டம் போட லைபீரியாவுக்குப் போச்சு, ஃபோர்டு பிரேசில் காட்டுக்குள்ள ஒரு ஊரையே கட்டினாரு (அது படுதோல்வி, அது தனிக் கதை). 1928-ல திட்டத்தையே ஊத்தி மூடிட்டாங்க, விலை விழுந்த எடத்துல நம்ம ஊர்ப் பணமும் சேந்து விழுந்துச்சு. அப்புறம் யுத்தத்துல ஜப்பான் மலாயாவைப் புடிச்சதும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் கிட்டத்தட்ட நின்னே போச்சு, அந்த நெருக்கடியில அவங்க செயற்கை ரப்பரை ஒண்ணுமில்லாத எடத்துல இருந்து 1945-ல வருசம் ஏழு லட்சம் டன்னுக்கு மேல கொண்டுவந்துட்டாங்க. ரொம்ப இறுக்கிப் புடிச்சா வாங்குறவன் வேற வழி தேடிருவான், ஆனா அந்த வேற வழி வர்றதுக்கு வருசக்கணக்குல ஆகும், அந்த இடைவெளியிலதான் கம்பெனி மூடுறதும் ஆளுக வேலை போறதும் நடக்குது. 2010-ல சீனா ஜப்பானுக்கு அரிய மண் உலோகங்களை நிறுத்தினப்பவும் விலை விண்ணுக்குப் போயி அப்புறம் விழுந்துச்சு, அந்த விலையை நம்பி பணத்தைக் கொட்டின மாலிகார்ப்ங்கிற அமெரிக்கச் சுரங்கக் கம்பெனி 2015-ல திவாலே ஆயிருச்சு.

வளம் கையில இருந்தா பணக்காரன்னு நெனைக்கிறது இன்னொண்ணு. இதை செட்டிநாட்டுல யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல, ஆனா சொல்லித்தான் ஆகணும் போல. கீழ் பர்மாவுல நெல்லு விளையிற முக்கியமான 13 ஜில்லாவுல செட்டியார்கள் கையில 1930-ல இருந்த நெலம் சுமார் 6 சதவீதம், 1937-ல 25 சதவீதம். கேக்க ஏதோ சாம்ராஜ்யம் புடிச்ச மாதிரி இருக்கு, உண்மையில அது வசூலாகாத கடன். உலகப் பொருளாதார மந்தத்துல நெல் விலை படுத்துருச்சு, விவசாயியால கடனைக் கட்ட முடியல, அடமானம் வச்ச வயல் வட்டிக்கடைக்காரர் பேருக்கு வந்துச்சு, அவருக்கு வேண்டியது வயல் இல்ல, ரொக்கம். விக்கலாம்னா வாங்க ஆளில்ல. 1942-ல ஜப்பான் உள்ள வந்ததும் கணக்குப் பேரேட்டைத் தூக்கிட்டு நடந்தே வந்தவங்க உண்டு, சுதந்திரத்துக்கப்புறம் பர்மா சர்க்கார் நெலத்தையும் எடுத்துக்கிச்சு. கானாடுகாத்தான் பக்கம் வீட்டு முகப்புல நின்னு பர்மா தேக்குத் தூணைத் தடவிப் பாத்துட்டு "அந்தக் காலத்துல என்ன செல்வம்"னு சொல்றவங்க இந்தப் பாதியைச் சொல்றதில்ல. நவ்ரு தீவு கதையும் இதுக்குப் பக்கத்துலதான், பாஸ்பேட்டைத் தோண்டித் தோண்டி வித்து ஒரு காலத்துல தலைக்கு வருமானத்துல உலகத்துலயே மேல இருந்த ஊரு, பாஸ்பேட் வத்தினதும் கடன்ல நின்னுச்சு.

சல்லிசா கிடைக்கிற பொருளுக்கு தட்டுப்பாடு வராதுன்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதுக்கு மணல் ஒண்ணே பதில். ஆத்தங்குடியில ஓடு போடுறதைப் பக்கத்துல நின்னு பாத்திருந்தா தெரியும்: கண்ணாடி மேல இரும்புச் சட்டத்தை வச்சு, உள்ள டிசைன் அச்சை எறக்கி, ஒவ்வொரு பூவுக்கும் கலர் கலவையை கரண்டியில ஊத்துவாங்க, அச்சைத் தூக்கிட்டு மேல காஞ்ச மணல்-சிமெண்ட் தூவல், அதுக்கு மேல ஈரக் கலவை, கரணையால நெரவி காய வச்சு அப்புறம் தண்ணித் தொட்டியில ஊறல். சூளை இல்ல, நெருப்பு இல்ல, மணலும் சிமெண்ட்டும் தண்ணியும் கை வேலையும்தான். அந்த மணல்லதான் உலகமே கட்டியிருக்கு, வருசத்துக்கு சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்கிறோம்னு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்லுது. பாலைவனத்துல கொட்டிக் கிடக்கேன்னு கேப்பீங்க. காத்துல உருண்டு உருண்டு அந்த மணி ரொம்ப நைஸா வழவழன்னு ஆயிருது, கான்கிரீட்டுக்கு சரிப்படாது, ஆத்து மணல் மாதிரி மொனை இருக்கணும். 2007-ல இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தினப்ப சிங்கப்பூர்ல கான்கிரீட் விலை எகிறி கட்டட வேலையெல்லாம் தடுமாறுச்சு. நம்ம பக்கம் கொத்தனாருக எம்-சாண்டுக்கு மாறினதும் ஆசைப்பட்டு இல்ல.

விலை ஏறினா சனம் தானா கொறைச்சுக்கும், எல்லாம் சரியாயிரும்னு எகனாமிக்ஸ் படிச்ச தம்பிக சொல்லுவாங்க. 1980-ல விலை ஏறாதுன்னு பொருளாதார நிபுணர் ஜூலியன் சைமனும், ஏறும்னு உயிரியல் நிபுணர் பால் எர்லிக்கும் அஞ்சு உலோகத்து மேல பந்தயம் கட்டினதை உதாரணம் காட்டுவாங்க, பத்து வருசத்துல பணவீக்கத்தைக் கழிச்சுப் பாத்தா அஞ்சுமே விலை கொறைஞ்சிருந்துச்சு, எர்லிக் 576 டாலருக்கு செக் அனுப்பினாரு. சரிதான், ஆனா வேற பத்து வருசத்தை எடுத்திருந்தா முடிவு மாறியிருக்கும். அதைவிட முக்கியம், விலையே இல்லாத பொருளுக்கு இந்த வைத்தியம் வேலை செய்யாது. நிலத்தடித் தண்ணிக்கு என்ன விலை? உலகத்துல எடுக்கிற நிலத்தடித் தண்ணியில சுமார் கால் பங்கை இந்தியா ஒண்ணே எடுக்குது, நம்ம மாநிலத்துல விவசாய மோட்டாருக்கு கரண்ட் இலவசம், தண்ணி கீழ போனா இன்னும் கொஞ்சம் போர் எறக்குவோம், கொறைச்சுக்கணும்னு எந்த பில்லும் சொல்லாது. ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 2,500 லிட்டர் தண்ணி ஆகும்னு கணக்கு, அப்ப அரிசி ஏத்துற கப்பல்ல என்ன போகுதுன்னு நீங்களே பாத்துக்குங்க. இந்தக் காஞ்ச சீமையில பழைய ஆளுக ஓட்டுக் கூரையை நாலு பக்கமும் வளவுக்குள்ள, அதாவது நடு முற்றத்துக்குள்ள சரிச்சு மழைத்தண்ணியை அண்டாவுல புடிச்சதும், ஊருக்கு ஊரு ஊருணி வெட்டி அதுல கால் கழுவக்கூட விடாம காத்ததும் தண்ணிக்கு விலை இல்லாத காலத்துலதான், கட்டுப்பாடு வேற வழியில வந்துச்சு.

தண்ணின்னதும் குடிக்கிறது, விவசாயம் ரெண்டோட நிறுத்திக்கிறதும் ஒரு தப்பு. பனாமா கால்வாய்ல ஒரு கப்பல் ஏறி இறங்க சுமார் 19 கோடி லிட்டர் நல்ல தண்ணி காத்துன் ஏரியில இருந்து கடலுக்குப் போகுது. 2023-ல மழை பொய்ச்சு ஏரி வத்தினப்ப நாளுக்கு 36 கப்பல் வாக்குல போன எடத்துல வருசக் கடைசியில 22 வரைக்கும் கொறைச்சாங்க, முன்னாடி போறதுக்கு ஏலத்துல லட்சக்கணக்கான டாலர் கொட்டின கம்பெனியும் உண்டு, ஆப்பிரிக்காவைச் சுத்திப் போன கப்பலும் உண்டு. எங்கயோ ஒரு ஏரி வத்தினதுக்கு கப்பல் வாடகை ஏறுது.

சிக்கனமான மெஷின் வந்தா செலவு கொறையும்னு நம்புறதைப் பத்தி நெறைய எழுத வேண்டியதில்ல, 1865-லயே ஜெவன்ஸ்ங்கிற இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர் நிலக்கரியை வச்சு சொல்லிட்டாரு, நல்ல எஞ்சின் வந்ததும் ஆளுக அதிக எஞ்சின் ஓட்டினாங்களே தவிர நிலக்கரி மிச்சமாகல.

இப்ப நம்ம ஜில்லா பெருமைக்கு வருவோம், ஏன்னா இந்தத் தப்பு இப்பதான் சூடா நடந்துக்கிட்டிருக்கு. சிவகங்கை பக்கம் கிராஃபைட் இருக்கு, தமிழ்நாடு கனிம நிறுவனம் சுரங்கம் வச்சு எடுக்குது, லித்தியம் பேட்டரியில ஒரு முனை பூரா கிராஃபைட்தான், காரைக்குடியில பேட்டரி ஆராய்ச்சி பண்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமே அழகப்பச் செட்டியார் குடுத்த நெலத்துல நிக்குது, அப்புறம் என்ன, அடுத்த சவுதி நம்மதான்னு ஃபேமிலி குரூப்ல மெசேஜ் ஓடுது. தோண்டி எடுத்த கிராஃபைட் அப்படியே பேட்டரிக்குள்ள போகாதுங்க. செதிலா இருக்கிறதை உருண்டையாக்கணும், அதுலயே பாதிக்கு மேல தூளா கழிஞ்சுரும், அப்புறம் 99.95 சதவீதம் சுத்தம் வர்ற வரைக்கும் ஆசிட்லயோ கடும் சூட்டுலயோ சுத்திகரிக்கணும், மேல பூச்சு குடுக்கணும். இந்த வேலையில உலகத்துல பத்துக்கு ஒம்போது பங்கு சீனாவுல நடக்குது, 2023 டிசம்பர்ல இருந்து அதை வெளிய அனுப்ப லைசென்ஸ் வாங்கணும்னு வேற சொல்லிட்டாங்க. நம்ம கிராஃபைட்டுக்கு இதுநாள் வரைக்கும் பழக்கமான எடம் உலைச் செங்கலும் உலோகம் உருக்குற மூசையும்தான். அந்த மெசேஜை ஃபார்வர்ட் பண்ற மாமாகிட்ட சுரங்கம் எத்தனை ஏக்கர்னு கேக்காதீங்க, சுத்திகரிக்கிற ஆலை எங்க வரப்போகுது, அதுக்கு தண்ணியும் கரண்ட்டும் எங்க இருந்துன்னு கேளுங்க.