ஆடியில் பம்பை கேட்கப் போவது எப்படி? சேலத்திலிருந்து ஒரு நாள் பயணம்

அம்மன் திருவிழாவில் அடிக்கும் பம்பை மேளத்தை ரெக்கார்டில் மட்டும் கேட்டவர்கள் பாதிதான் கேட்டிருக்கிறார்கள். மீதியை நெஞ்சுக்குழி கேட்கும். அதற்கு ஆடி மாதம் (ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை) சேலம் வாருங்கள். கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கிச் சுற்றியுள்ள சிற்றூர்கள் வரை அம்மனுக்குப் பண்டிகைதான்.

1. நாளைப் பிடியுங்கள்

பூச்சாட்டி, அதாவது அம்மனுக்குப் பூப்போட்டுத் திருவிழாவைத் தொடங்கியதும், நிகழ்ச்சி நிரலை நோட்டீஸ் அடித்துக் கோயில் சுவரில் ஒட்டிவிடுவார்கள். கண்ணில் படாவிட்டால் வாசலில் பூ விற்கும் அக்காவைக் கேளுங்கள், நேரத்தோடு சொல்லுவார். பொங்கல், உருளுதண்டம் (தரையில் உருண்டு வேண்டுதலை நிறைவேற்றுவது) என்று பல நாள் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது ‘சக்தி அழைப்பு’. கிணற்றடியிலோ ஆற்றங்கரையிலோ கரகம் சோடித்து, பம்பை அடித்து, வர்ணிப்பு என்னும் அம்மன் புகழ்ப்பாட்டைப் பாடி அம்மனை அழைப்பார்கள்.

முதல் வருஷம் நான் இது தெரியாமல் கூட்டம் சேர்ந்த பிறகு கோயிலுக்குப் போனேன். ஸ்பீக்கர் பாட்டில் பம்பை அமுங்கிப்போனது. அடுத்த வருஷம் கிணற்றடிக்கே போய் நின்றேன். மைக் இல்லை. அன்றைக்குத்தான் பம்பை என்றால் என்னவென்று தெரிந்தது.

2. கிளம்புங்கள்

தாரமங்கலம் பக்கம் என்றால் சேலத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், பஸ்ஸிலேயே போகலாம். தண்ணீர், துண்டு, சில்லறை போதும். சுலபமாகக் கழற்றும் செருப்பாகப் போடுங்கள்.

3. எங்கே நிற்பது

கரகம் போகும் பாதையை மறிக்காமல், பம்பைக்காரருக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நில்லுங்கள். குச்சி விழுவது தெரியும், பாட்டின் சொல்லும் காதில் விழும்.

4. கேட்கும் விதம்

பம்பை, கைச்சிலம்பு, உடுக்கை மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் முதலில் இரைச்சலாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேளுங்கள். பம்பை ஒன்றல்ல, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம். இடுப்போடு கட்டிக் குச்சியால் அடிப்பார்கள். கைச்சிலம்பு உள்ளே பரல் போட்ட வளையம். அதன் சத்தத்தைக் காதில் பிடித்துக்கொண்டால் தாளம் தவறாது.

பிறகு உடுக்கைக்கு வாருங்கள். அதன் இடுப்பிலிருக்கும் கயிற்றை விரல்கள் நெருக்கும்போது தோல் இறுகிச் சத்தம் மேலே ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒருவர் விம்முவது போலிருக்கும். வர்ணிப்புப் பாடுகிறவர் ஒரு வரியை இழுத்து நிறுத்த, அந்த விம்மல் வரியை வாங்கிக்கொள்ளும். நான் வருஷா வருஷம் போவது அந்த இடத்துக்காகத்தான்.

5. மரியாதை

அருள் வந்தவர்களைப் படம் எடுக்காதீர்கள். இது அவர்களுடைய வேண்டுதல். பம்பைக்காரர்களை அண்ணா என்று கூப்பிட்டு, அனுமதி கேட்டு ரெக்கார்ட் செய்யுங்கள். கரகம் கோயில் சேர்ந்ததும் அவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். அப்போது டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். வாத்தியத்தைப் பற்றிக் கேட்டால் களைப்பை மறந்து பேசுவார்கள். கிளம்பும் முன் உங்களால் முடிந்ததைக் கையில் கொடுங்கள்.

6. திரும்பும் வழி

தாரமங்கலத்தில் இருந்தால், மாலை நடை திறந்ததும் இந்தப் பகுதியை ஆண்ட கட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயில் சிற்பங்களைப் பாருங்கள். சேலம் வந்ததும் தட்டுவடை செட் ஒரு பிளேட். அன்று இரவு படுத்த பிறகும் காதுக்குள் பம்பை அடித்துக்கொண்டிருக்கும்.