சண்டே மார்க்கெட்ல பழைய காசு வாங்குற முறை
பாண்டி சண்டே மார்க்கெட்ல காசு கடை போட்டிருக்கற அண்ணன்கிட்ட தாராளமா பேரம் பேசுங்க, அவர் சரக்கு அவருக்கு தெரியும். ஆனா வீட்டு டப்பாவ கொட்டி வச்சிருக்கற ஆயா, விக்டோரியா ராணி ஒரு ரூபா காச நூறு ரூபான்னு சொன்னா டக்குனு வாங்கிட்டு நடையக் கட்டாதீங்க, அது 11.66 கிராம், அதுல 91.7 சதவீதம் வெள்ளி, அதனால "ஆயா, இது வெள்ளி, எடைக்கு போட்டாலே நெறைய வரும்"னு முதல்ல சொல்லிட்டு, போன்ல அன்னிக்கு வெள்ளி ரேட்ட காட்டி, அதுக்கு கீழ போகாம விலை பேசுங்க. 1947 ஒரு ரூபா காசு நிக்கல், அதுக்கு இந்த வெள்ளிக் கணக்கு வேணாம். அபூர்வ வருஷம்னு தோணுனா அதையும் மறைக்காதீங்க. நம்ம படிச்சதுக்கு லாபம் வரட்டும், தப்பில்ல, அவங்க வெள்ளிய தெரியாம எடுக்கறது எனக்கு திருட்டுதான். கடலூர் பக்கம் மண்ணுல தோண்டி எடுத்ததுன்னு யாராவது சொன்னா கையே வைக்காதீங்க, 1878 புதையல் சட்டப்படி கண்டெடுத்தவங்க கலெக்டருக்கு சொல்லணும், அத மட்டும் சொல்லி அனுப்புங்க.